சிரிப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஏன் தாவுகிறது? சில சமயம் ஏன் தாவுவதில்லை?

மேடைப்புழுதி | வெள்ளி, இரவு 10.12

வணக்கம் நண்பர்களே. சிங்கப்பூரில் நாடகம் போடுபவன் என்ற முறையில் எனக்கு விடை வேண்டிய கேள்வி இது. ஒரே நாடகம், அதே நடிகர்கள், அதே வசனம். சனிக்கிழமை இரவு அரங்கம் கொல்லென்று சிரிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை அதே வசனத்துக்கு யாரோ செருமுவது மட்டும்தான் கேட்கிறது. "இன்றைக்கு வந்த கூட்டம் சரியில்லை" என்று எங்கள் குழுவில் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டு நாளும் வந்தவர்கள் ஒரே வகை மனிதர்கள்தாம். தெம்பனிசிலிருந்தும் உட்லண்ட்சிலிருந்தும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, டிக்கெட்டுக்குக் காசு கொடுத்து, சிரிக்க வேண்டும் என்றே ரயிலேறி வந்தவர்கள்.

மேடையில் நிற்பவனுக்கு ஒன்று தெளிவாகத் தெரியும். சிரிப்பு எங்களிடமிருந்து நேராக எல்லோருக்கும் போய்ச் சேர்வதில்லை. இடப்பக்கம் நான்காவது வரிசையில் யாரோ ஒருவரிடம் அது தொடங்கும். பக்கத்தில் இருப்பவர் தோளைக் குலுக்குவார். அப்புறம் ஒரே மூச்சில் அரங்கம் முழுவதும். வசனமே காதில் விழாத கடைசி வரிசைக்காரர்கள்கூடச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள்? நகைச்சுவைக்கா, பக்கத்து ஆளின் சிரிப்புக்கா?


கிளமெண்டி மைனா | வெள்ளி, இரவு 10.40

நகைச்சுவைக்குத்தான் ஐயா. கடைசி வரிசைக்காரர் சிரிப்பது மரியாதைக்காக. எல்லோரும் சிரிக்கும்போது நாம் மட்டும் உம்மென்று இருந்தால் புரியாதவன் என்று நினைத்துவிடுவார்களே என்ற கூச்சம். அலுவலகத்தில் மேலாளர் சொல்லும் துணுக்குக்குச் சிரிப்பதும் இதே கணக்கில்தான் சேரும்.


நரம்புமுடிச்சு | வெள்ளி, இரவு 11.25

மைனா, மரியாதைச் சிரிப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் அதில் அடக்க முடியாது. இது என் படிப்போடு ஒட்டிய விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் மேரிலாந்தில் ராபர்ட் புரோவைன் என்ற நரம்பறிவியலாளர் இருந்தார். 2019இல் மறைந்தார். சிரிப்பை ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்துப் பார்த்தால் அது செத்துப்போகிறது என்று கண்டு, அவரும் மாணவர்களும் கடைவளாகங்களிலும் பல்கலைக்கழக நடைபாதைகளிலும் நின்றார்கள். யாராவது சிரித்தால், அதற்குச் சற்று முன்னால் என்ன பேசப்பட்டது என்று குறித்துக்கொண்டார்கள். அப்படி 1,200 சிரிப்புகள் சேர்ந்தன. நகைச்சுவை என்று ஒப்புக்கொள்ளத்தக்க பேச்சுக்குப் பின்னால் வந்தவை அவற்றில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவையெல்லாம் "சரி, கிளம்புகிறேன்" என்பது போன்ற சாதாரணப் பேச்சுக்குப் பின் வந்தவை. கேட்பவரைவிடப் பேசுபவரே 46 விழுக்காடு அதிகமாகச் சிரித்தார் என்பதையும் அவர் கண்டார். சிரிப்பு என்பது நகைச்சுவைக்குக் கேட்பவர் தரும் பதில் மட்டும்தான் என்றால் இந்தக் கணக்கு இப்படி வரவே கூடாது.

மாணவர்களை அன்றாடம் சிரித்ததை எழுதி வைக்கச் சொன்னார். தொலைக்காட்சி, புத்தகம் போன்றவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், தனியாக இருக்கும்போதைவிட ஆட்களோடு இருக்கும்போது மனிதர்கள் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள்.

உங்கள் கேள்விக்கு நேராக வரும் ஆய்வு 1992இல் வெளியானது. அழுத்தினால் சிரிப்பொலி மட்டும் எழுப்பும் ஒரு சிறு விளையாட்டுப் பெட்டியை வகுப்புக்குக் கொண்டுபோய் ஒலிக்கவிட்டார். துணுக்கு இல்லை, வசனம் இல்லை. முதல் முறை கேட்டபோது மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் சிரித்தார்கள், பெரும்பாலோர் குறைந்தது புன்னகைத்தார்கள். ஆகவே, காரணமே இல்லாமல் சிரிப்பொலி ஒன்றே சிரிப்பைக் கிளப்பப் போதும். அடுத்த பகுதியையும் கவனியுங்கள்: அதே பெட்டியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார். பத்தாவது முறை கிட்டத்தட்ட ஒருவரும் சிரிக்கவில்லை, பலருக்கு எரிச்சல்தான் வந்தது. பெட்டிக்குப் பின்னால் மனிதர் யாரும் இல்லை என்று காது புரிந்துகொண்டுவிட்டது என்றே நான் இதைப் படிக்கிறேன்.


வெண்பாப் பிரியை | சனி, காலை 7.05

உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். தொல்காப்பியம் நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கைச் சொல்கிறது. நால்வகையும் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதைப் பற்றியவை. வகுப்பில் நான் பார்க்கும் சிரிப்பில் பாதி இந்த நான்கிலும் அடங்குவதில்லை. அதற்குப் பொருளே கிடையாது, துணை மட்டும்தான் உண்டு.

மௌனவாசிப்பு நேரத்தில் ஒரு பிள்ளைக்கு விக்கல் வரும். பக்கத்து மேசைத் தோழி உதட்டைக் கடித்துக்கொள்வாள். அவ்வளவுதான், அந்த வரிசை முழுவதும் தோள்கள் குலுங்கத் தொடங்கும். நான் நிமிர்ந்து பார்த்தால் இன்னும் மோசமாகும். அடக்க அடக்க அது பெருகுகிறது. ஒருவர் கண்ணை மற்றவர் பார்த்துவிட்டால் தீர்ந்தது.

ஆனால் நண்பர்களே, அது வகுப்பு முழுவதும் போவதில்லை. எங்கே நிற்கிறது என்று என்னால் முன்கூட்டியே சொல்ல முடியும். ஆண்டின் நடுவில் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்த ஒரு மாணவி இருந்தாள். முதல் சில வாரங்கள் வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும்போதும் அவள் முகத்தில் ஓர் அசைவும் இருக்காது. நல்ல நகைச்சுவை உணர்வுள்ள பிள்ளை, கட்டுரைகளில் அது தெரிந்தது. இடைவேளையில் சேர்ந்து சாப்பிட இரண்டு தோழிகள் அமைந்த பிறகு, வரிசையில் சிரிப்பை முதலில் பற்றிக்கொள்பவள் அவளாகவே இருந்தாள். அதனால் சிரிப்பு எப்படிப் பரவுகிறது என்பதைவிட யாரிடம் போய் நின்றுவிடுகிறது என்பதுதான் ஓர் ஆசிரியர் பார்க்க வேண்டிய விஷயம் என்று நினைக்கிறேன். ஒரு வகுப்பில் யார் தனியாக இருக்கிறார்கள் என்று அறிய இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.


கிளமெண்டி மைனா | சனி, காலை 9.30

இதற்கெல்லாம் விடை எப்போதோ கண்டுபிடித்தாகிவிட்டதே! கண்ணாடி நரம்பணுக்கள். ஒருவர் செய்வதைப் பார்த்தால் நம் மூளையிலும் அதே அணுக்கள் இயங்கும். அவர் சிரித்தால் நம் மூளையும் சிரிக்கும். அத்தோடு விஷயம் முடிந்தது.


நரம்புமுடிச்சு | சனி, காலை 10.15

அத்தனை சீக்கிரம் முடிக்காதீர்கள் மைனா. இந்தச் சொல் மேடைப் பேச்சுகளில் எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவியாகிவிட்டது. 1990களில் இத்தாலியின் பார்மா நகரில் ஜாக்கமோ ரிசோலாட்டியின் குழு அவற்றைக் கண்டது மக்காக் குரங்குகளில். கையால் ஒரு பொருளை எடுக்கும்போதும், பிறர் எடுப்பதைப் பார்க்கும்போதும் ஒரே அணுக்கள் இயங்கின. அங்கிருந்து மனிதச் சிரிப்புக்கு வர இன்னும் நெடுந்தூரம் போக வேண்டும்.

சிரிப்பைப் பற்றி நேரடியாகக் கிடைத்திருப்பது இது: 2006இல் லண்டனில் சோஃபி ஸ்காட்டும் சக ஆய்வாளர்களும் ஆட்களை மூளைப் படக்கருவிக்குள் படுக்கவைத்துச் சிரிப்பு, வெற்றிக்கூச்சல், அலறல், அருவருப்பு ஒலி எல்லாவற்றையும் கேட்கவைத்தார்கள். சிரிப்பும் வெற்றிக்கூச்சலும் கேட்டபோது, முகத் தசைகளை அசைக்கத் தயாராகும் மூளைப்பகுதி கூடுதலாக விழித்துக்கொண்டது. அச்சமூட்டும் ஒலிகளுக்கு அவ்வளவு இல்லை. ஆக, சிரிப்பைக் கேட்டதும் வாய் விரியத் தயாராகிவிடுகிறது, அதுவரை உண்மை. ஆனால் தயாராவது வேறு, சிரிப்பது வேறு. ஆசிரியர் அம்மா சொன்ன புதிய மாணவியின் மூளையும் தயாராகியிருக்கக்கூடும். அவளைத் தடுத்தது என்ன என்பதற்குக் கண்ணாடி அணுக்களில் விடை இல்லை.

சிரித்த பிறகுதான் நாம் காரணம் தேடுகிறோம் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1998இல் இட்சாக் ஃபிரைடு என்ற அறுவை மருத்துவர், வலிப்புநோய்க்குச் சிகிச்சை பெற்ற 16 வயதுப் பெண் ஒருவரின் மூளையில், இடப்பக்க முன்பகுதியில் ஒரு சிறு இடத்தை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டினார். அவர் சிரித்தார். ஏன் சிரித்தாய் என்று கேட்டபோது, ஒவ்வொரு முறையும் எதிரில் இருந்த ஏதோ ஒன்று வேடிக்கையாக இருப்பதாகச் சொன்னார். சுற்றி நின்ற மருத்துவர்களே வேடிக்கையாகத் தெரிந்தார்களாம்.


ஈசூன் தாதி | சனி, பிற்பகல் 3.50

பக்கவாத நோயாளிகள் இருக்கும் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்தவள். மூளையில் அடிபட்ட சிலருக்குக் காரணமின்றிச் சிரிப்போ அழுகையோ பீறிட்டு வரும். அவர்களால் நிறுத்த முடியாது. பார்க்க வருபவர்களுக்கு அது தெரியாது. அப்பா நன்றாகச் சிரிக்கிறாரே, தேறிவிட்டார் என்று மகன் மகிழ்ந்துபோவார். அவரிடம் எடுத்துச்சொல்வதுதான் எங்கள் வேலையிலேயே கடினமான வேலை.

நான் எழுத வந்தது அந்தச் சிரிப்பு பரவுவதில்லை என்பதை. ஒலி உரக்கத்தான் இருக்கும். பிரிவில் ஒரு தாதிக்கும் உதட்டோரம்கூட அசையாது. எங்களுக்கு நெஞ்சு இறுகியதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் முதல் முறை பார்க்கும் பயிற்சித் தாதிகளுக்கும் அப்படித்தான். அந்தச் சிரிப்பு யாரையும் நோக்கி வருவதில்லை, சிரிப்பவர் கண் நம்மைத் தேடுவதில்லை. அதே நோயாளி, பேத்தி மடியில் ஏறியதும் சிரிப்பார் பாருங்கள், அது வேறு சிரிப்பு. அப்போது அறையில் உள்ள எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிடும்.


வாசகன்_புளோக்12 | சனி, மாலை 6.20

சிரிப்பு நோய்போல ஊரையே பிடித்த கதை உண்டே. ஆப்பிரிக்காவில் ஒரு பள்ளியில் யாரோ சொன்ன துணுக்குக்குத் தொடங்கிய சிரிப்பு, மாதக்கணக்கில் நிற்காமல் ஊர் ஊராகப் பரவியது என்று படித்தேன். அங்கே நண்பர், அந்நியர் என்ற வேறுபாடெல்லாம் எங்கே போனது?


நரம்புமுடிச்சு | சனி, மாலை 7.45

அந்த நிகழ்ச்சி பரப்பப்படும் விதம் எனக்கு வருத்தம் தருகிறது. அதில் வேடிக்கை எதுவுமே இல்லை. இடம் டாங்கனிக்கா, இன்றைய டான்சானியா. விக்டோரியா ஏரிக்கு மேற்கே கஷாஷா என்ற ஊரில், சமயப் பணியாளர்கள் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளி. 1962 ஜனவரி 30ஆம் தேதி மூன்று மாணவியரிடம் தொடங்கியது. 159 மாணவியரில் 95 பேருக்கு வந்தது. மார்ச் 18ஆம் தேதி பள்ளியை மூடினார்கள். வீட்டுக்குப் போன பிள்ளைகள் வழியே ன்ஷாம்பா என்ற ஊரில் 217 பேருக்குப் பரவியது. சிரிப்போடு அழுகையும் அமைதியின்மையும் சேர்ந்து வந்தன, தடுக்கப்போனவர்களைப் பிள்ளைகள் தாக்கினார்கள். ஒருவருக்குச் சில மணிநேரம் முதல் 16 நாள்வரை, விட்டுவிட்டு வந்தது. யாரும் மாதக்கணக்கில் இடைவிடாமல் சிரிக்கவில்லை. மருத்துவர்கள் ராங்கினும் பிலிப்பும் நேரில் பார்த்து 1963இல் எழுதினார்கள். நச்சுப்பொருளோ கிருமியோ எதுவும் அகப்படவில்லை. மனநெருக்கடி கூட்டமாக உடலில் வெளிப்படும் நிலை அது. நாடு விடுதலை பெற்று இரண்டு மாதம்கூட ஆகாத நேரம், கண்டிப்பான விடுதி வேறு.

உங்கள் கேள்விக்கும் அங்கேயே விடை இருக்கிறது. அந்தப் பள்ளி ஆசிரியர்களில் ஒருவருக்கும் அது வரவில்லை. அதே கட்டடம், அதே காற்று, அதே ஒலி. ஆனாலும் பிள்ளைகளிடமிருந்து பிள்ளைகளுக்குத்தான் போனது.


பாசிர் ரிஸ் பெரியவர் | சனி, இரவு 9.10

தம்பி எழுதியதைப் படித்ததும் இதைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. 1970களில் நம் ஊரிலும் இப்படி நடந்திருக்கிறது. அப்போது மின்னணுத் தொழிற்சாலைகள் வரிசையாக வந்த காலம். 1973இல் ஒரு தொழிற்சாலையில் தொடங்கி வேறு சிலவற்றிலும் பெண் தொழிலாளர்கள் அலறுவதும் மயங்கி விழுவதும் நடந்தது. சிரிப்பும் அழுகையும் கலந்து வரும் என்று நேரில் பார்த்தவர்கள் சொல்வார்கள். நானும் அப்போது ஒரு தொழிற்சாலையில்தான் இருந்தேன்.

பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயது மலாய்ப் பெண்கள். கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில் வளர்ந்து, திடீரென்று இரவுப்பணி, நுண்ணோக்கிக்குள் கண்ணை வைத்தபடி மணிக்கணக்கில் அசையாமல் வேலை, எத்தனை முடித்தாய் என்ற கணக்கு. ஒருத்தி எழுந்து அலறினால் அந்த மேசை வரிசையில் அடுத்தடுத்து விழுவார்கள். போமோ எனும் மலாய் மந்திரவாதியை வரவழைத்து ஆவியை விரட்டியதும் உண்டு. எங்கள் மேற்பார்வையாளர்களில் ஒருவரும் விழவில்லை. அந்தப் பெண்கள் ஒன்றாக பஸ்ஸில் வந்தார்கள், ஒன்றாகச் சாப்பிட்டார்கள், யாருக்கு வீட்டில் என்ன துன்பம் என்று ஒருவருக்கொருவர் தெரியும். ஒருத்தி உடலில் வந்தது இன்னொருத்தி உடலில் வந்ததற்கு அதுதான் வழி. அவர்களைப் பைத்தியம் என்று பேசியவர்கள் அன்றைக்கு நிறைய. எனக்கு இன்றும் அது பொறுக்கவில்லை. அவர்கள் களைத்துப்போயிருந்தார்கள்.


வெண்பாப் பிரியை | சனி, இரவு 9.35

நன்றி ஐயா. இதை நீங்கள் எழுதி வைத்தது நல்லதாயிற்று.


துவாஸ் விடுதியிலிருந்து | ஞாயிறு, காலை 11.00

வணக்கம். இங்கே எழுதுவது இதுவே முதல் தடவை. மன்னார்குடிப் பக்கம் என் ஊர். கப்பல் பட்டறையில் வேலை, தங்குவது விடுதியில்.

எங்கள் அறையில் நாங்களும் பங்களாதேஷ்காரர்களும் கலந்துதான் இருக்கிறோம். அவர்கள் வந்த புதிதில் அவர்கள் சிரித்தால் எங்களுக்குக் கோபம் வரும். நம்மைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று சந்தேகம். அவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். பிறகு ஒன்றாகச் சமைக்கத் தொடங்கினோம். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் சோறு வாங்கிவருவார். இப்போது அவர்கள் கைத்தொலைபேசியில் வங்காள மொழியில் ஏதோ பார்த்துச் சிரித்தால், ஒரு சொல் புரியாமலே நாங்களும் சிரிக்கிறோம். ஒலி அன்றைக்குக் கேட்ட அதே ஒலிதான். இதற்கு ஆராய்ச்சி ஏதும் உண்டா தம்பி?

இன்னொன்றையும் கேட்க வேண்டும். இரவில் வீட்டுக்குக் காணொளியில் பேசுவேன். என் மகள் எதற்கோ சிரிப்பாள். பார்த்து மகிழ்ச்சியாக இருக்கும், ஆனால் ஊரில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எனக்கு வரும் சிரிப்பு இங்கே வருவதில்லை. பாசம் குறைந்துவிட்டதோ என்று மனம் கலங்குகிறது.


நரம்புமுடிச்சு | ஞாயிறு, பிற்பகல் 12.20

அண்ணன், உங்கள் பாசத்தில் ஒரு குறையும் இல்லை. கருவிதான் உங்கள் இருவருக்கும் நடுவில் நிற்கிறது.

இயல்பான பேச்சில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவதற்கு எடுக்கும் நேரம், பல மொழிகளை ஒப்பிட்டதில், சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. சிரிப்பு அதைவிட நெருக்கமானது, ஒருவர் மேல் ஒருவர் ஏறி ஒலிக்கும். "ஹ ஹ ஹ" என்பதில் ஒவ்வோர் ஒலியும் ஏறத்தாழ 75 மில்லிவிநாடி. ஒன்று தொடங்கி அடுத்தது தொடங்க 210 மில்லிவிநாடி. காணொளி அழைப்பில் ஒலியும் படமும் சற்றே பிந்தி வருவதே இந்தத் தாளத்தை உடைக்கப் போதும். அதோடு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் குரல் எழுந்தால், எதிரொலியைத் தடுப்பதற்காகப் பல செயலிகள் ஒன்றைத் தணித்துவிடுகின்றன. ஆக, நீங்கள் சிரிக்கத் தொடங்கும்போது மகளின் சிரிப்பு உங்களுக்குக் கேட்காமல் போகிறது, உங்களுடையது அவளுக்குக் கேட்காமல் போகிறது. எதிரில் சிரிப்பொலி அறுந்தால் நமக்குள்ளும் அறுந்துவிடுகிறது. அப்படிப்பட்ட நேரத்தில் படத்தை விட்டுவிட்டு வெறும் குரல் அழைப்பில், காதுக்கருவி மாட்டிக்கொண்டு பேசிப் பாருங்கள். தாமதம் குறைய வாய்ப்பு உண்டு.

விடுதி அறையைப் பற்றிக் கேட்டீர்கள். 2010இல் வெளியான ஆய்வில் நமீபியாவின் வடக்கே வாழும் ஹிம்பா மக்களும் ஆங்கிலேயர்களும் ஒருவர் சிரிப்பை மற்றவர் சரியாக அடையாளம் கண்டார்கள். மொழி தடையாக இல்லை. 2016இல் 24 சமூகங்களைச் சேர்ந்த 966 பேருக்கு, இரண்டு பேர் சேர்ந்து சிரிக்கும் ஒரு விநாடி ஒலியைப் போட்டுக்காட்டி, இவர்கள் நண்பர்களா, அப்போதுதான் சந்தித்தவர்களா என்று கேட்டார்கள். ஐந்தில் மூன்று முறை சரியாகச் சொன்னார்கள். பேச்சே இல்லாமல், ஒரு விநாடியில்! சிரிப்பொலியிலேயே "நாங்கள் ஒன்றாக இருக்கிறோம்" என்ற செய்தி இருக்கிறது. அந்த "நாங்கள்" என்பதில் நீங்கள் சேர்ந்திருந்தால் உங்களுக்கும் சிரிப்பு வருகிறது, சேராதிருந்தால் அதே ஒலி சந்தேகத்தைத் தருகிறது. உங்கள் அறையில் மாறியது இதுதான்.

உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கும் ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. 2012இல் ராபின் டன்பார் என்ற பிரிட்டிஷ் உளவியலாளரின் குழு, கூட்டமாகச் சிரித்தவர்கள் அதற்குப் பிறகு கூடுதல் வலியைத் தாங்குவதைக் கண்டது. 2017இல் பின்லாந்தின் துர்க்கு நகரில், நெருங்கிய நண்பர்களோடு அரைமணி நேரம் சிரித்தவர்களின் மூளையில் வலியைத் தணித்து இதமளிக்கும் ஓபியாய்டு வகைச் சுரப்புகள் வெளிப்படுவதைப் படக்கருவியில் பார்த்தார்கள். குரங்கினங்கள் ஒன்றன் முடியை ஒன்று கோதிவிட்டு உறவைக் காப்பாற்றுகின்றன. கோதிவிடுவது ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் முடியும். சிரிப்பால் மூன்று, நான்கு பேரை ஒரே நேரத்தில் தொட முடியும் என்பது டன்பாரின் கருத்து. பரவாத சிரிப்பால் அந்த வேலை நடக்காது. அதனால்தான் அது பரவும்படி அமைந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.


துவாஸ் விடுதியிலிருந்து | ஞாயிறு, பிற்பகல் 1.05

நன்றி தம்பி. இன்று இரவே குரல் அழைப்பில் பேசிப் பார்க்கிறேன்.


மேடைப்புழுதி | ஞாயிறு, இரவு 11.30

இப்போது எனக்குப் பல விஷயங்கள் விளங்குகின்றன. 2020இல் கொவிட்-19 நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் நடப்பில் இருந்தபோது, ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை எல்லோரும் வீட்டுக்குள். அப்போது சில குறுநாடகங்களை இணையத்தில் நேரலையாக நடித்தோம். பார்ப்பவர்களின் ஒலிவாங்கியை அணைத்து வைத்திருந்தோம். நடிகர்கள் துவண்டுபோனார்கள். பிறகு பலர் தகவல் அனுப்பினார்கள், நன்றாகச் சிரித்தோம் என்று. அவரவர் வீட்டில், அவரவர் குடும்பத்தோடு சிரித்திருக்கிறார்கள். ஒரு வீட்டுச் சிரிப்பு அடுத்த வீட்டுக்குப் போக வழியே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சியின் இருக்கைப் படத்தை எடுத்துப் பார்த்தேன். கூட்டம் பாதி. ஆனால் அரங்கம் முழுவதும் சிதறி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவே நான்கைந்து காலி இருக்கைகள். சனிக்கிழமை தோளோடு தோள். இனிமேல் கூட்டம் குறைவென்றால் விளக்கணைக்கும் முன்பே எல்லோரையும் நடுப்பகுதிக்கு வந்து உட்காரச் சொல்லப்போகிறேன். பழைய நாடகக்காரர்கள் இதைச் செய்வதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அப்போது அது கௌரவத்துக்காக என்று நினைத்தோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் அரங்குகள் கைதட்டுவதற்கென்று ஆட்களை அமர்த்தின. அவர்களில் சிரிப்பதற்கென்றே தனியாகச் சிலர் இருந்தார்கள். 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப்பதிவாளர், பதிவு செய்த சிரிப்புகளைப் பொத்தான் அழுத்தி ஒலிக்கும் கருவியை உருவாக்கி அதே வேலையைச் செய்தார். எங்கள் குழுவிலும் இரண்டு பேரைக் கூட்டத்தில் உட்காரவைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். பார்க்க வந்தவர்களை ஏமாற்றிப் பெறும் சிரிப்பு எனக்கு வேண்டாம்.


நரம்புமுடிச்சு | ஞாயிறு, இரவு 11.50

மறுத்தது சரி ஐயா. அதில் முழுப் பலனும் கிடைக்காது. வேண்டுமென்றே சிரிக்கும் சிரிப்புக்கும் தானாக வரும் சிரிப்புக்கும் மூளையில் வழிகள் வேறு, ஒலியும் வேறு. தானாக வருவது சுருதி உயர்ந்து, கட்டுக்கு அடங்காமல் ஒலிக்கும். நம் காது இரண்டையும் பெரும்பாலும் பிரித்தறிகிறது. செயற்கைச் சிரிப்பைக் கேட்டால், "இவர் ஏன் சிரிக்கிறார்?" என்று பிறர் மனத்தை ஆராயும் மூளைப்பகுதி கூடுதலாக வேலை செய்கிறது. ஆராயத் தொடங்கிவிட்டால் சிரிப்பு எங்கே வரும்?


அமுதனின் அம்மா | திங்கள், காலை 6.40

இந்த இழையை இரவு முழுவதும் படித்துக்கொண்டிருந்தேன். கேட்கலாமா என்று தயங்கித்தான் எழுதுகிறேன். என் மகனுக்கு ஆட்டிசம். பதின்ம வயது. சொந்தக்காரர்கள் கூடிச் சிரிக்கும்போது அவன் சிரிப்பதில்லை. சில நேரம் காதைப் பொத்திக்கொள்வான். சில நேரம் எல்லோரும் ஓய்ந்த பிறகு தனியாகச் சிரிப்பான். அப்போது எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்ப்பார்கள். "அவனுக்கு அந்த உணர்வு கிடையாது" என்று குடும்பத்தில் ஒருவர் என் முன்னாலேயே சொன்னார். சிரிப்பு சேர்ந்தவர்களுக்குள்தான் பரவும் என்று இங்கே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் என் பிள்ளை யாரோடும் சேராதவனா?


நரம்புமுடிச்சு | திங்கள், காலை 8.15

இல்லை அம்மா. இதற்கு நேரான ஓர் ஆய்வு இருக்கிறது. சோஃபி ஸ்காட்டின் குழு 2019இல் வெளியிட்டது. கேட்டால் முனகத் தோன்றும் 40 மொக்கைத் துணுக்குகளை எடுத்து, சிலவற்றோடு செயற்கைச் சிரிப்பையும் சிலவற்றோடு உண்மைச் சிரிப்பையும் சேர்த்து ஒலிக்கவிட்டார்கள். எவ்வளவு வேடிக்கையாக இருக்கிறது என்று கேட்பவர்கள் மதிப்பிட வேண்டும். சிரிப்புச் சேர்ந்ததும் மதிப்பு உயர்ந்தது, உண்மைச் சிரிப்புச் சேர்ந்தபோது இன்னும் உயர்ந்தது. கேட்டவர்களில் ஆட்டிசம் உள்ள பெரியவர்களும் இருந்தார்கள். அவர்களிடமும் அதே விளைவுதான். பிறர் சிரிப்பு அவர்களையும் தொடுகிறது. உணர்வு கிடையாது என்று சொன்னவர் சொன்னது தவறு.

ஒரே நேரத்தில் பல குரல்கள் உரக்க எழும்போது அந்த ஒலியே தாங்க முடியாததாக இருந்திருக்கும். காதைப் பொத்தியது சிரிப்பை மறுப்பதற்காக இருக்க வேண்டியதில்லை.


ஈசூன் தாதி | திங்கள், காலை 8.40

அம்மா, எல்லோரும் ஓய்ந்த பிறகு அவன் சிரிக்கிறான் என்றீர்களே, அப்போது யாராவது அவனோடு சேர்ந்து சிரிக்கிறார்களா? திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஒருவராவது கூடச் சிரிக்கச் சொல்லுங்கள். தாமதமாக வந்தாலும் அது நம்மை நோக்கி வந்த சிரிப்புதான். அவனிடமிருந்து நமக்கு வர வேண்டியதும் உண்டல்லவா? எப்போதும் அவனே நம்மிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறோம்?


அமுதனின் அம்மா | திங்கள், காலை 9.20

அவன் தங்கை சிரிப்பாள் அக்கா. அவள் ஒருத்திதான். அவர்கள் இருவரும் அறைக்குள் சிரித்துக்கொண்டிருப்பார்கள், எதற்கென்று எனக்குத் தெரியாது.


மேடைப்புழுதி | திங்கள், காலை 10.05

அம்மா, அடுத்த மாதம் எங்கள் நாடகத்துக்கு ஒரு காலைக் காட்சி சேர்க்கிறோம். அதில் விளக்கை முழுவதும் அணைப்பதில்லை, ஒலியைக் குறைத்து வைப்போம், நடுவில் எழுந்து போகலாம், திரும்பி வரலாம், எப்போது வேண்டுமானாலும் சிரிக்கலாம். அண்ணனும் தங்கையும் சேர்ந்து வரட்டும். பின்வரிசையில் கதவுக்குப் பக்கத்து ஓரத்தில் மூன்று இருக்கைகளை உங்களுக்காக ஒதுக்கிவைக்கிறேன். அவனுக்கு ஒலி தடுக்கும் காதுக்கருவி பழக்கமிருந்தால் எடுத்துவாருங்கள், இல்லையென்றால் நுழைவாயிலில் வாங்கிக்கொள்ளலாம். எந்தக் காட்சிகளில் கூட்டம் உரக்கச் சிரிக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அந்தப் பட்டியலை முன்கூட்டியே அனுப்பிவைக்கிறேன், நீங்கள் அவனிடம் சொல்லி வைக்கலாம். தனிச்செய்தியில் எழுதுங்கள்.


அமுதனின் அம்மா | திங்கள், காலை 10.30

எழுதியிருக்கிறேன் ஐயா. பட்டியலில் நேரத்தையும் குறித்து அனுப்ப முடியுமா? மணி எத்தனைக்கு என்று தெரிந்தால் அவனுக்கு எளிதாக இருக்கும்.